அம்மா தேதி

ஜூலை 6

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். யார் முதுகுல ஏறி சௌக்கியமா இருக்காங்கன்னு கீழே எழுதியிருக்கேன். உன் உடம்பு எப்படி இருக்கு? ஒரு ரூம்ல நாலு பேர்னு சொன்னியே, தூக்கம் வருதா?

போன்ல பேசாம எதுக்குடி கடிதம்னு கேப்பே. நீ கூப்பிட்டா அப்பா ஸ்பீக்கர் பட்டனை அமுக்கிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துடறார். நான் வாயைத் திறந்தா பாதியிலேயே அவர் பதில் சொல்றார். "அவ நல்லாத்தான் இருக்கா, நல்லாத்தான் படிக்கிறா." நான் நல்லா இருக்கேனா இல்லையான்னு அவருக்கு எப்படித் தெரியும்? அதனால இனிமே போனுக்கு வர மாட்டேன். எதுவா இருந்தாலும் எழுது.

நீ சமையல்கட்டுச் சுவத்துல ஒட்டிட்டுப் போன டைம் டேபிளை இப்ப முறைச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன். அஞ்சு மணிக்கு எழுந்திரி. அஞ்சேகால்ல இருந்து ஏழு வரைக்கும் கணக்கு. சாயங்காலம் அஞ்சரைக்கு வீடு. ஆறுல இருந்து ஆறரை வரைக்கும் "மற்றவை". ஆறரையில இருந்து ஒன்பதரை வரைக்கும் படிப்பு. ஸ்கேல் வச்சு கோடெல்லாம் அழகா போட்டிருக்கே. உள்ள எழுதியிருக்கிறதுதான் பச்சைப் பொய்.

அந்த மற்றவைன்னா என்னம்மா? சமையல், பாத்திரம், ரெண்டு டிபன் டப்பா, தண்ணி பிடிக்கிறது, வீடு கூட்டறது, அப்பாவோட லேத் பட்டறை சட்டையில இருக்கிற எண்ணெய்க் கறை, அண்ணனோட சர்வீஸ் சென்டர் பேன்ட்ல இருக்கிற கிரீஸ். இதெல்லாம் அரை மணி நேரத்துல முடியுமா? நீ இருந்தப்போ முடிஞ்சுதா? அண்ணன் தின்ன தட்டைத் தின்ன இடத்துலயே வச்சுட்டு எழுந்து போறான். கேட்டா "நான் வேலைக்குப் போறவன்"ங்கறான். நான் என்ன பள்ளிக்கூடத்துக்கு வேடிக்கை பாக்கவா போறேன்?

நீ சூப்பர்வைசர் பயிற்சிக்குப் போனதை நான் குறை சொல்லல. பத்தொன்பது வருஷம் தையல் கம்பெனி லைன்ல கழுத்து வளைச்சவ நீ, போகணும். ஆனா நான் கடைசி வருஷம் படிக்கிறேன். நில அளவைக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு வருஷத்துக்கு ஒரு தடவைதான். அதுல கிடைச்சா ஹாஸ்டல். கிடைக்கலன்னா இந்த அடுப்படி. இதை நீ மறந்துடாதே.

உடம்பைப் பாத்துக்கோ. தலைவலி வந்தா மாத்திரை போடு, தாங்கிக்காதே.

உன் மகள்

ஜூலை 19

என் கடுகுக்கு,

நான் சுகமா இருக்கேன். உனக்கு அடிக்கடி வர்ற மூக்கடைப்பு எப்படி இருக்கு? ஆவி பிடிக்கிறியா?

உன் கடிதத்தை மெஷின் மேலேயே வச்சுப் படிச்சேன். பேர் வச்சது சரியாத்தான் இருக்கு, நல்லாப் பொரியறே.

இங்க ஒன்பது மணிக்கு வகுப்பு. எங்களுக்குப் பாடம் எடுக்கிறவர் கழுத்துல எப்பவும் ஸ்டாப்வாட்ச் தொங்கும், அதனால அவருக்கு ஸ்டாப்வாட்ச் சார்னே பேர். காலர் வைக்க எத்தனை நொடி, பட்டன் வைக்க எத்தனை நொடின்னு எல்லாத்தையும் அளக்கிறார். நாங்க இருபத்திரெண்டு பேர், நான்தான் மூத்தவ. முன்னாடி பெஞ்சுல உக்காரவே கூச்சமா இருந்தது. இப்பப் பழகிடுச்சு.

காலைல சமைக்கும்போதே சாயங்காலத்துக்கும் காய் நறுக்கி வச்சுடு. துணியை ராத்திரி ஊற வச்சா கறை சீக்கிரம் போகும். கல்லூரி அப்ளிகேஷன் ஆகஸ்ட்ல வருதாம். இந்த ஊர்லயும் ஒரு கவுன்டர்ல தர்றாங்க. நானே வரிசையில நின்னு வாங்கி அனுப்பறேன். நீ படிப்பை மட்டும் விடாதே.

போனுக்கு வராம இருக்காதே. ஹாஸ்டல் போன்ல ஆளுக்கு மூணு நிமிஷம்தான். அதுல உன் குரலையாவது கேக்கலாம்னுதான் வரிசையில நிக்கிறேன்.

அம்மா

ஆகஸ்ட் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம்தான். மூக்கடைப்பு போயிடுச்சு, இருமல் வந்திருக்கு.

காய் நறுக்கி வை, துணியை ஊற வைன்னு எழுதியிருக்கே. நான் கேட்டது அது இல்ல. அண்ணனைப் பத்தி ஒரு பக்கம் எழுதினேன், நீ அவன் பேச்சையே எடுக்கல. சரி, போகட்டும்.

உங்க ஸ்டாப்வாட்ச் சாரைப் பத்திப் படிச்சதும் எனக்கும் ஒரு யோசனை வந்தது. பழைய நோட்டு ஒண்ணை எடுத்து, சமையல்கட்டுக் கடிகாரத்தைப் பாத்து, ஒரு வாரம் அளந்தேன். காலைச் சமையலும் டப்பாவும் ஒரு மணி அஞ்சு நிமிஷம். பாத்திரம் ரெண்டு வேளைக்கும் சேத்து ஐம்பது. தண்ணி இருபது. சாயங்காலச் சமையல் ஐம்பத்தஞ்சு. கூட்டறது பதினஞ்சு. துணி நாப்பத்தஞ்சு. மொத்தம் நாலு மணி பத்து நிமிஷம். உன் தாள்ல அரை மணி. மீதி மூணு மணி நாப்பது நிமிஷத்தை நான் எங்கிருந்து கொண்டு வரட்டும்? அதுதான் என் கணக்குப் பாடம், அதுதான் என் வரைபடப் பாடம், அதுதான் என் தூக்கம்.

இதை அப்பாகிட்ட காட்டினேன். வாங்கிப் பாத்தார். "கையெழுத்து நல்லா இருக்கு"ன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த நோட்டை அடுப்புல போட்டிருப்பேன். உன் சாருக்குக் காட்டணும்னுதான் போடல. பக்கத்தைக் கிழிச்சு இதோட வச்சிருக்கேன்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் மகள்

ஆகஸ்ட் 24

என் கடுகுக்கு,

இருமலுக்கு டாக்டரைப் பாத்தியா? நான் சுகம். பதில் எழுத மூணு வாரம் ஆயிடுச்சு, கோபிச்சுக்காதே.

உன் பக்கத்தைச் சார்கிட்ட காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி படிச்சார். "யார் எடுத்தது இது? வேலைக்கு வர்றாங்களா?"ன்னு கேட்டார். என் பொண்ணுன்னேன். வகுப்புக்கே படிச்சுக் காட்டினார். எல்லாரும் அவங்கவங்க வீட்டை நினைச்சிருப்பாங்க.

புது டைம் டேபிள் போட்டு அனுப்பியிருக்கேன். மற்றவைக்கு நாலு மணி நேரம் விட்டிருக்கேன். படிப்புக்கு மூணரைதான் கிடைக்குது. அந்த மூணரையில எதை முதல்ல படிக்கணும்னு வரிசை போட்டிருக்கேன். கணக்கும் வரைபடமும் காலைல, மூளை தெளிவா இருக்கும்போது. மனப்பாடம் பண்றதெல்லாம் பஸ்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒண்ணுமே எழுதாம விட்டிருக்கேன், விட்டுப்போனதை அதுல பிடிச்சுக்கோ. உங்கப்பாகிட்டயும் அண்ணன்கிட்டயும் பேசறேன்.

அப்ளிகேஷனும் இதுலயே இருக்கு. அதோட கொடுத்த குறிப்புப் புத்தகம் கனமா இருக்கேன்னு நானே வச்சுக்கிட்டேன், வேண்டியதைத் தாள்ல எடுத்து எழுதிட்டேன். ஹெட்மாஸ்டர் கையெழுத்து, அப்பா கையெழுத்து, ரெண்டு போட்டோ. நம்ம ஊர் கல்லூரி ஆபீஸ்ல நீயே நேர்ல கொடுக்கணும். கடைசித் தேதி அக்டோபர் 18, சாயங்காலம் நாலு மணி. சிவப்புல வட்டம் போட்டிருக்கேன். இந்தத் தாள்ல இருக்கிற ஒவ்வொண்ணும் அளந்து போட்டது.

ஒரு தடவை போனுக்கு வாயேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

அம்மா

செப்டம்பர் 15

அன்புள்ள அம்மாவுக்கு,

இருமல் நின்னுடுச்சு. நீ நல்லா இருப்பேன்னு நம்பறேன்.

புதுத் தாள் பரவாயில்ல. முதல் தடவையா ஒரு டைம் டேபிள் என்னைப் பாத்துப் பொய் சொல்லல. வரைபடத்துல அறுபத்தெட்டு வாங்கிட்டேன், போன தடவை நாப்பத்தொண்ணு. வகுப்புல எங்க வாத்தியார் ஒரு நிலத்தோட படம் கொடுத்து அளவு போடச் சொன்னார். முதல்ல முடிச்சது நான்தான்.

நீ பேசறேன்னு எழுதினியே, அந்தப் பேச்சால இங்க ஒரு துரும்பும் அசையல. போன ஞாயித்துக்கிழமை அப்பா பட்டறையில இருந்து மூணு பேரைச் சாப்பிடக் கூட்டிட்டு வந்துட்டார். நீ வெறுமையா விட்டியே, அதே மத்தியானம். நான் முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்கப் பரிமாறினேன். ஒருத்தர், "பொண்ணு ரொம்ப பொறுப்பு"ன்னார். அப்பாவுக்குப் பெருமை தாங்கல.

போனுக்கு வர மாட்டேன்னா வர மாட்டேன். சொல்ல வேண்டியதை எழுது. அப்ளிகேஷனைப் பத்தி மட்டும் சும்மா சும்மா ஞாபகப்படுத்தாதே. அந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியும்.

உன் மகள்

அக்டோபர் 21

அம்மாவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலைமையில நான் இல்ல.

நேத்து, இருபதாம் தேதி, கல்லூரி ஆபீஸுக்குப் போனேன். பள்ளிக்கூடத்துல பெர்மிஷன் வாங்கிட்டு, ரெண்டு பஸ் மாறி, ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போனேன். கடைசி நாளுக்கு ஒரு நாள் முன்னாடியே வந்துட்டோம்னு வழியெல்லாம் எனக்கு ஒரே பெருமை. கவுன்டர்ல கண்ணாடி, அதுல கை நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை. உள்ள இருந்த அம்மா அப்ளிகேஷனை வாங்கவே இல்ல. "பதினெட்டோட முடிஞ்சுதேம்மா"ன்னாங்க. இல்லங்க, இருபத்தொண்ணுன்னேன். அவங்க சுவத்துல இருந்த நோட்டீஸைக் காட்டினாங்க. அக்டோபர் 18. நாலு மணி. நீ எழுதின அதே தேதி, அதே நேரம்.

உனக்கு இப்பப் புரியாது. சொல்றேன், கேளு. நீ என்னைக்காவது நிஜத் தேதி சொல்லியிருக்கியா? லைப்ரரி புத்தகத்தைப் பன்னண்டாம் தேதி கொடுக்கணும்பே, அது பதினஞ்சா இருக்கும். அண்ணனுக்கு ஃபீஸ் கட்ட எட்டாம் தேதின்னா, பதினொண்ணா இருக்கும். அத்தை மக கல்யாணத்துக்கு உன் பேச்சைக் கேட்டுப் பெட்டி படுக்கையோட மண்டபத்துக்குப் போயி, அங்க கூட்டிக்கிட்டிருந்த ஆள்கிட்ட மாப்பிள்ளை எங்கன்னு கேட்டோமே, ஞாபகம் இருக்கா? மாப்பிள்ளை மூணு நாள் கழிச்சுத்தான் வந்தார். நீ "முன்னாடியே வந்தா என்ன குறைஞ்சுபோச்சு"ன்னே. அன்னைக்குத் திரும்பி வரும்போது பஸ்ல அப்பாதான் எங்க ரெண்டு பேர் காதுலயும் சொன்னார்: "இனிமே அம்மா தேதி சொன்னா மூணு கூட்டிக்கோங்க." எட்டு வருஷமா கூட்டிக்கிட்டிருக்கோம். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. இந்த வீட்ல அதுக்கு அம்மா தேதின்னே பேர். உனக்கு மட்டும்தான் தெரியாது.

இந்த ஒரு தடவை நிஜத் தேதி போடணும்னு உனக்கு யார் சொன்னது? போட்டே, போட்டுட்டு ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? பதினெட்டாம் தேதி மத்தியானம் நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன் தெரியுமா? பரீட்சை முடிஞ்சு சீக்கிரம் வந்துட்டு, அப்பாவோட சட்டையில பிரஷ் போட்டுத் தேச்சுக்கிட்டிருந்தேன். அப்ளிகேஷன் கையெழுத்தெல்லாம் வாங்கி அலமாரியில ரெடியா இருந்தது. ஆபீஸ் நாலு மணி வரைக்கும் திறந்திருந்தது.

நான் அந்தக் கவுன்டர்ல நின்னு அழுதேன். பின்னாடி யாரும் இல்ல, அதனால அந்த அம்மாவும் விரட்டல. தண்ணி கொடுத்தாங்க. அடுத்த வருஷம் வாம்மான்னாங்க.

அடுத்த வருஷமாம். உனக்குச் சுலபம். நீ அங்க உக்காந்து சட்டைக்கு எத்தனை நொடின்னு அளந்துக்கிட்டிரு. என் ஒரு வருஷத்தை அளக்க உங்க சார்கிட்ட வாட்ச் இருக்கான்னு கேளு.

இனிமே எனக்கு டைம் டேபிள் அனுப்பாதே.

நவம்பர் 4

என் கடுகுக்கு,

நீ சாப்பிடறியா? அதை மட்டும் எழுது, போதும்.

கடிதத்தை மூணு தடவை எழுதிக் கிழிச்சேன். தப்பு என்னோடது. நீ திட்டினது ஒரு சொல்கூட அதிகம் இல்ல.

லைன்ல எங்களுக்கு அதுதான் பழக்கம். ஷிப்மெண்ட் இருபதாம் தேதின்னா ஆளுங்ககிட்ட பதினேழுன்னுதான் சொல்லுவோம். ஊசி உடையும், நூல் வராது, யாராவது லீவு போடுவாங்க. மூணு நாள் கையில இருந்தா மானம் போகாது. நான் வந்த புதுசுல எனக்கு அப்படித்தான் சொன்னாங்க, நானும் அப்படியே சொன்னேன். வீட்டுக்கும் அதையே கொண்டு வந்துட்டேன்.

ஆகஸ்ட்ல சார் வகுப்புல கேட்டார், யாரெல்லாம் பொய்த் தேதி சொல்றீங்கன்னு. எல்லாரும் கை தூக்கினோம். அவர் சிரிச்சார். "உங்க ஆளுங்களுக்கு அது தெரியாதுன்னு நினைக்கிறீங்களா? உங்களுக்குத்தான் தெரியாது. மூணு நாள் கையில வேணும்னா அதைத் தாள்ல வெளிப்படையா போடுங்க, தேதியை மாத்தாதீங்க"ன்னார். எனக்கு முகம் செத்துப்போச்சு. அந்த வாரம்தான் உன் தாளைப் போட்டேன். என் பொண்ணுக்காவது நேர்மையா எழுதணும்னு நினைச்சு எழுதினேன். இத்தனை நாளும் ஏமாத்தினேன்னு உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்தது. அதுதான் நடந்தது.

அப்பாகிட்ட சண்டைக்குப் போகாதே. இதுல வேற யாருக்கும் சம்பந்தம் இல்ல. கோபத்தை என்மேலயே வச்சுக்கோ.

அம்மா

நவம்பர் 16

அம்மாவுக்கு,

நான் சாப்பிடறேன். கேட்டியே, அதனால எழுதறேன்.

வேற யாருக்கும் சம்பந்தம் இல்லன்னு எழுதினியே, அந்த வரியை நேத்து பத்து தடவை படிச்சேன். ஏன்னா நேத்துதான் அண்ணன் வாயை விட்டான். நான் தட்டை அவன் முன்னாடி ணங்குன்னு வச்சேன். அம்மாவாலதான் என் வருஷம் போச்சுன்னு கத்தினேன். அவன் சாப்பிட்டுக்கிட்டே சொன்னான், "அம்மா போன்ல சொன்னாங்களே, இந்தத் தடவை நிஜத் தேதின்னு. உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க. அப்பா சரின்னாரே."

எப்படான்னு கேட்டேன். ஆகஸ்ட் கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமையாம். ஸ்பீக்கர்ல இருந்ததால அவனுக்கும் கேட்டிருக்கு. அன்னைக்கு அப்பா என்னைக் கூப்பிட்டார், நான் சமையல்கட்டுல இருந்து வர மாட்டேன்னு கத்தினேன், அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கு. அது என் கொழுப்பு. ஒத்துக்கறேன். நீ ஏன்டா என்கிட்ட சொல்லலன்னா, "அப்பா சொல்லியிருப்பார்னு நினைச்சேன்"ங்கறான். அவனை என்ன பண்றது, பொறந்ததுல இருந்து அவன் அப்படித்தான்.

நேரா அப்பாகிட்ட போனேன். அவர் ஜன்னல் பக்கம் உக்காந்து அளவு பாக்கிற வெர்னியரைத் துடைச்சுக்கிட்டிருந்தார். அம்மா, பட்டறையில ஒரு நூல் பிசகினா இரும்பையே தூக்கிக் கடாசற ஆள் அவர். மூணு கூட்டச் சொல்லி எங்களுக்குக் கத்துக்கொடுத்ததே அவர். நான் கூட்டுவேன்னு இந்த உலகத்துல வேற யாரைவிடவும் அவருக்குத்தான் நல்லாத் தெரியும். அப்ளிகேஷன்ல கையெழுத்து வேற போட்டார். போட்டப்போகூட வாயைத் திறக்கல.

கேட்டேன். நிமிர்ந்து பாக்காமலே, "மறந்துட்டேன்"னார்.

பொய்ன்னு சொன்னேன். அப்பாவைப் பாத்து அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்ல. அடிப்பார்னு நினைச்சேன். அடிக்கல. அம்மா வர்ற வரைக்கும் வீட்டைப் பாத்துக்க ஆள் வேணாமான்னு கேட்டார். அம்மா வர்றது ஏப்ரல், கல்லூரியில சேர்க்கிறது ஜூன், கணக்கே உதைக்குதேன்னேன். வெர்னியரை இழுத்து மூடினார். அப்புறம் சொன்னார்:

"உங்கம்மா சூப்பர்வைசர் ஆயிட்டா எந்த ஊர்ல போடுவாங்களோ. நீ ஹாஸ்டலுக்குப் போறேங்கற. ரெண்டு பேரும் போயிட்டா இந்த வீட்ல நான் என்ன பண்றது?"

எனக்கு அவரைப் பாத்தா பாவமாவும் இருந்தது, அந்த வெர்னியரைப் பிடுங்கி ஜன்னல் வழியா எறியணும்னும் இருந்தது. நாப்பத்தொன்பது வயசு ஆளுக்கு ஒரு வேளை சோத்துக்கு வழி தெரியலன்னா, அதுக்கு என் வருஷம்தான் கிடைச்சுதா?

இப்ப உன்னைக் கேக்கறேன். நீ அப்பாகிட்ட சொன்னே. அவர் என்கிட்ட சொல்லல. இது உனக்கு எப்பத் தெரியும்? தெரிஞ்சும் ஏன் பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்கிட்டே? நாலு வாரமா நான் உன்னை மனசுக்குள்ள எப்படியெல்லாம் திட்டினேன் தெரியுமா? நான் திட்டினது தப்பான ஆளை. அதுக்கும் சேத்து எனக்கு உன்மேல கோபம்.

சுத்தி வளைக்காம பதில் எழுது.

உன் மகள்

டிசம்பர் 12

என் கடுகுக்கு,

உனக்குச் சளி பிடிக்கிற காலம் இது, காதைக் கட்டிக்கிட்டுப் போ. நான் சுகம்னு எழுத மனசு வரல.

ஒரு மாசமா பதில் எழுதாம இருந்தேன். எழுத நேரம் இல்லாம இல்ல. பதில் என்னன்னு எனக்கே தெரியல.

அக்டோபர் கடைசியில உன் கடிதம் வந்ததுமே உங்கப்பாவுக்குப் போன் பண்ணினேன். என்கிட்டயும் மறந்துட்டேன்னுதான் சொன்னார். இருபத்திரெண்டு வருஷம் அவரோட குடித்தனம் பண்ணியிருக்கேன், அவர் எதை மறப்பார் எதை மறக்க மாட்டார்னு எனக்குத் தெரியாதா? ஆனா நான் சரின்னுட்டேன். மறதிதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஏன்னா அது மறதி இல்லன்னா, பயிற்சி முடிஞ்சு நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள வர்றது? அவரோட உக்காந்து எப்படிச் சாப்பிடறது? அதைவிட நீ என்னைத் திட்டறது எனக்குச் சுலபமா இருந்தது. நான் உன்னைக் காப்பாத்தறதா நினைச்சேன். காப்பாத்தினது அவரை.

நீ ஜூலையில அண்ணனைப் பத்திக் கேட்டே. அதுக்கும் நான் பதில் எழுதல. அவனை ஒரு வேலையும் சொல்லாம வளத்தது நான்தான். அதை எப்படி எழுதறதுன்னு தெரியாம, துணியை ஊற வைன்னு எழுதினேன்.

இப்ப ஒரு முடிவு பண்ணியிருக்கேன். பயிற்சியை விட்டுடறேன். மார்ச் வரைக்கும் இருந்தாத்தான் சர்ட்டிபிகேட், அது இல்லன்னா பழையபடி லைன்தான். பரவாயில்ல, பழகின வேலைதானே. உனக்கு மார்ச்ல பள்ளிக்கூடப் பரீட்சை. அதையாவது நீ நிம்மதியா எழுதணும். அடுத்த அக்டோபர்ல அப்ளிகேஷனை நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் கொடுக்கறேன். சார்கிட்ட இன்னும் சொல்லல. இருபத்தெட்டாம் தேதி காலைல பஸ். பெட்டி பெருசா ஒண்ணும் இல்ல. நீ படி, மத்ததையெல்லாம் நான் வந்து பாத்துக்கறேன்.

அம்மா

டிசம்பர் 17

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். காதைக் கட்டிக்கிட்டுத்தான் போறேன். உன் கடிதம் இன்னைக்கு மத்தியானம் வந்தது. உடனே உக்காந்து எழுதறேன், நானே போஸ்ட் ஆபீஸ்ல கொண்டு போய்ப் போடப் போறேன்.

நீ வரக் கூடாது.

முதல்ல இங்க நடந்ததைச் சொல்லிடறேன். போன மாசம் நான் ரெண்டு பேரையும் உக்கார வச்சுச் சொல்லிட்டேன், இனிமே எனக்கு மட்டும்தான் சமைப்பேன், என் துணியை மட்டும்தான் துவைப்பேன்னு. அண்ணன் சிரிச்சான். அப்பா, "பேச்சு பெருசாயிடுச்சு"ன்னார். எங்க கணக்கு வாத்தியார்கிட்ட பேசி, பள்ளிக்கூட லைப்ரரியில ஏழு மணி வரைக்கும் படிக்க அனுமதி வாங்கிட்டேன். ஏழரைக்குத்தான் வீட்டுக்கே வர்றேன். முதல் நாலு நாள் ரெண்டு பேரும் கடையில வாங்கித் தின்னாங்க. அஞ்சாம் நாள் அப்பா முட்டை வேக வச்சார். தண்ணியை ஊத்திட்டு எதிர் வீட்டுக்காரரோட பேசப் போயிட்டார், பாத்திரம் கரிஞ்சுபோச்சு. அந்த முட்டையை உக்காந்து உரிச்சார் பாரு, எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கிட்டேன். என்னோட அவர் பேசி இருபது நாளாச்சு. ஆனா நேத்து தண்ணி பிடிச்சு வச்சிருந்தார். யார் பிடிச்சதுன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல. அண்ணன் வெள்ளைச் சட்டையைச் சிவப்புத் துண்டோட ஊற வச்சுட்டான். இப்ப சர்வீஸ் சென்டர்ல எல்லாரும் அவனை ரோஜான்னு கூப்பிடறாங்களாம்.

பரீட்சை முடிஞ்சதும் ஏப்ரல்ல இருந்து ஒரு சர்வேயர்கிட்ட ஆளா போறேன். வாத்தியார்தான் சொல்லிவிட்டார். கம்பைப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல நிக்கிற வேலைதான். ஆனா அக்டோபர் வர்றதுக்குள்ள நிலத்தை எப்படி அளக்கிறாங்கன்னு என் கண்ணால பாத்திருப்பேன். அப்ளிகேஷனை நானே கொடுத்துக்கறேன். என் கையை யாரும் பிடிக்க வேணாம்.

இப்ப உன் விஷயம். நீ யாருக்காக வர்றே? எனக்காகன்னு எழுதியிருக்கே. எனக்காக வந்து என்ன பண்ணுவே? அடுப்பைப் பத்த வைப்பே, டப்பா கட்டுவே, எண்ணெய்க் கறையைத் தேய்ப்பே. ஒரு வாரத்துல அப்பா பழையபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துடுவார். அண்ணன் தட்டை வச்சுட்டு எழுந்து போவான். நானும் போயிடுவேன், எனக்கும் அது சுகமாத்தானே இருக்கும். நீ மறுபடி லைன்ல போய் இன்னொரு பத்தொன்பது வருஷம் கழுத்து வளைப்பே. அவர் ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு இருந்தார், என் வருஷம் போச்சு. நீயும் வந்துட்டா உன் வருஷமும் போகும். அவர் சும்மா இருந்ததுக்கு நாம ரெண்டு பேரும் கொடுக்கணுமா? ஒருத்தி கொடுத்தது போதாதா?

உன்மேல கோபம் போகல. நீ அவரைக் காப்பாத்தினதை நான் சீக்கிரம் மறக்க மாட்டேன், நேர்ல பாத்தா அதுக்குத் தனியா ஒரு சண்டை இருக்கு. ஆனா இருபத்திரெண்டு பேர்ல மூத்தவளா முன்னாடி பெஞ்சுல உக்காந்திருக்கியே, அந்த இடத்தை விட்டு நீ எழுந்திருக்கக் கூடாது. சார்கிட்ட இன்னும் சொல்லலன்னு எழுதியிருக்கே. சொல்லாதே. பஸ் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துடு.

மார்ச் வரைக்கும் இரு. சர்ட்டிபிகேட் வாங்கு. உன்னை எந்த ஊர்ல போடறாங்களோ அங்கேயே போ, நான் அங்க வந்து உன்னைப் பாக்கறேன். இருபத்தெட்டாம் தேதி பெட்டியைத் தூக்கிக்கிட்டு இங்க வந்து நின்னா நான் கதவைத் திறக்க மாட்டேன்ம்மா. சத்தியமா திறக்க மாட்டேன்.

உன் மகள்